கட்டிலை விரித்த பிறகு

கேரவன் வாங்க வருகிறவர்கள் உள்ளே ஏறியதும் சோஃபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். விளக்குகளைப் போட்டு அணைப்பார்கள். டி.வி. எத்தனை இன்ச் என்று கேட்பார்கள். என் மேஸ்திரி அதெல்லாம் செய்ய மாட்டார். நேராகப் போய் எல்லாக் கட்டிலையும் விரிப்பார். மேஜையை இறக்கிப் படுக்கையாக்குவார். அப்புறம் என்னைப் பார்த்து, "இப்போ பாத்ரூமுக்குப் போய்ட்டு வாம்மா" என்பார். பாதி வண்டிகளில் போக முடியாது. நடுவில் படுத்திருக்கிறவரை எழுப்பி, மெத்தையை மடித்து, மேஜையைத் தூக்கிவிட்டுத்தான் கடக்க வேண்டும். பகலில் மாளிகை மாதிரி தெரிந்த வண்டி ராத்திரி இரண்டு மணிக்கு என்னவாக இருக்கும் என்பதை அந்த ஒரு நடையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அவர் ரயில்வேயில் கேரியேஜ் அண்ட் வேகன் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்கு டிப்போ நண்பர், எனக்கு மாமா. சோளிங்கர் ரோட்டில் ஒரு ஷெட் போட்டு, வேன்களுக்கு உள்வேலை செய்கிறார். கேரவன் வாங்க நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நான் சீட் தைக்கிற ஆளாகச் சேர்ந்தேன். இராணிப்பேட்டையில் சோஃபா, கார் சீட் கவர் தைத்த பழக்கம் இருந்தது. வண்டியை முழுசாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது இவரிடம்தான். சட்ட வேலை தெரியாமல் பாடியைப் பற்றிப் பேசக் கூடாது என்று என்னைக் கொஞ்ச காலம் கரூருக்கு அனுப்பி வைத்தார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஸ்கொயர் ட்யூபை வெட்டி, வெல்டிங் வைத்து, தகடு அடித்து மூடுகிற வரைக்கும் கூடவே நின்று பார்த்தேன். மூடிய பிறகு வெளியே எதுவும் தெரியாது என்பது அங்கேதான் உறைத்தது.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிய நாளிலிருந்து எங்கள் ஊர் தண்டவாளத்தின் மேல்தான் இருக்கிறது. அதனால் மாமா எதைச் சொன்னாலும் ரயில் பெட்டியிலிருந்துதான் தொடங்குவார். லேஅவுட் என்றால் என்ன என்று அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் சைடு மிடில் பெர்த். 2000-களின் கடைசியில் ஸ்லீப்பர் பெட்டிகளில் பக்கவாட்டு இருக்கைக்கு மேல் மூன்றாவதாக ஒரு பெர்த்தை நுழைத்தார்கள். கணக்குப்படி பெட்டிக்கு ஒன்பது பேர் கூடுதல். ஆனால் அதை விரித்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது, நடுவில் படுத்தவர் புரள முடியாது. பயணிகள் சபித்துத் தீர்த்தார்கள், கடைசியில் ரயில்வேயே கழற்றிவிட்டது. "காகிதத்துல இடம் இருந்துச்சு, ஆளுக்கு இடம் இல்ல" என்பார். கேரவன் விளம்பரத்தில் 'ஆறு பேர் உறங்கலாம்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடு பெர்த் ஞாபகம் வந்துவிடும்.

அவர் மெச்சுகிற லேஅவுட் ரயில் அதிகாரிகள் ஆய்வுக்குப் போகிற சலூன். படுக்கை அறை, சமையல் கட்டு, உதவியாளர் இடம், கோடியில் தண்டவாளத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடி. யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. அதிலிருந்து காப்பி அடித்துத்தான் பல கேரவன்களில் பின்னால் பெரிய கண்ணாடியும் 'ப' வடிவ சோஃபாவும் வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ரயில் பெட்டியின் இரு கோடிக்கும் கிட்டத்தில் அடியில் போகி இருக்கிறது, எடையைத் தாங்கிக்கொள்ளும். வேனில் பின் சக்கரத்துக்கு அப்பால் தாங்க எதுவும் இல்லை.

நான் கற்றுக்கொண்டதைக் காட்ட ஆம்பூர் குடும்பத்துக்கு வண்டி பார்த்த கதை போதும். ஷூ அப்பர் தைத்து அனுப்புகிற யூனிட் வைத்திருப்பவர்கள். வீட்டில் ஐந்து பேர். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, கூடவே சர்க்கரை, ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பார். ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்பது மகனின் ஆசை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டுமே டிராவலர் வேனில் கட்டியவை. முதலாவது 3350 மில்லிமீட்டர் வீல்பேஸ்: பின்னால் 'ப' வடிவ லெதர் சோஃபா, விரித்தால் பெரிய கட்டில், நடுவில் மேஜை, அதுவும் படுக்கையாகும், கழிப்பறை முன்பக்கம் கதவை ஒட்டி. இரண்டாவது 4020 வீல்பேஸ்: பின்னால் இரு ஓரமும் நீளவாக்கில் நிலையான கட்டில், நடுவில் நடைபாதை, அதை ஒட்டியே கழிப்பறை, சமையல் மேடை கதவுப் பக்கம். சீட் எல்லாம் ரெக்சின். முதல் வண்டியைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு இரண்டாவது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி தெரிந்தது.

மாமா முதல் வண்டியில் கட்டில்களை விரித்தார். பெரியம்மாவைப் பின்னால் படுக்கச் சொன்னார். மேஜைப் படுக்கையில் பேரன் படுத்துக்கொண்டான். "அம்மா, எழுந்து பாத்ரூம் போங்க" என்றார். பெரியம்மா பேரனின் கால்மாட்டில் கையை ஊன்றி நின்றுவிட்டு, "அவன் தூங்கட்டும், விடுங்க" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது எடை. இதைத்தான் நான் மெதுவாகப் புரிந்துகொண்டேன், ஒருமுறை புரிந்த பிறகு எந்த வண்டியையும் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் டேங்கைப் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், 3350 வீல்பேஸில் அந்த 150 கிலோ பின் அச்சில் 217 கிலோவாக இறங்கும். மீதி 67 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து தூக்கியது. ஸ்டியரிங் லேசாகும், மழையில் முன் சக்கரம் பிடிக்காது. முதல் வண்டியில் டேங்க், இரண்டு டியூபுலர் பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றுமே அந்த அழகான சோஃபாவுக்கு அடியில். பேட்டரி ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். சோஃபாவுக்கு அடியில் காலி இடம் கிடைக்கிறது, அதனால் எல்லாவற்றையும் அங்கே தள்ளுகிறார்கள். லேஅவுட் வேறு, பாடியின் தரம் வேறு என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். எங்கே உட்காருவது என்ற முடிவுதான் ஸ்பிரிங் பட்டையும் டயரும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் பாடி நீளக்கூடிய அளவையும் சட்டம் வீல்பேஸில் 60 சதவீதம் என்று கட்டிப்போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றால் மட்டும் போதாது, அந்த நீட்டலில் எதை ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம்.

ஆகவே மாமா எடை மேடைக்குப் போகாமல் வண்டியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். டேங்கை நிரப்பி, ஆட்களை ஏற்றி, முதலில் முழு வண்டி, அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் பின் சக்கரம் மட்டும். அந்தச் சீட்டை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடும் கம்பெனி கொடுக்கும் அச்சு எடையோடும் ஒப்பிட வேண்டும். பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள லோடு எண்ணையும் நாலு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2323 என்றால் 2023-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. எங்கள் ஊர் இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப்.பில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள் பார்ப்பதில்லை.

இனி உள்ளே. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். ஒரே சத்தமாக வந்தால் நல்லது, இடையிடையே காலி டப்பா சத்தம் வந்தால் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி டார்ச் அடிக்கச் சொல்வார். முதல் வண்டியில் தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவே தெர்மாகோல் துண்டுகள் செருகியிருந்தன, ட்யூப் இருக்கிற இடத்தில் அதுவும் இல்லை. வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்தில் அந்த ட்யூப்கள் வழியாகவே சூடு உள்ளே நடந்து வரும். இரண்டாவது வண்டியில் ட்யூபின் மேலேயே நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டி, இடைவெளியில் பியூ ஃபோம் அடித்திருந்தார்கள். மத்தியானம் உள்ளே கை வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது.

அலமாரிக் கதவைத் திறந்து கீல் ஆணியைப் பார்க்கச் சொன்னார். பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் நேராக ஸ்க்ரூ ஏற்றியிருந்தால் வண்டி ஓடுகிற அதிர்வில் அது மாவாகி வெளியே வந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட், மூலையில் ஆங்கிள் வைத்துப் போல்ட் என்றால் நம்பலாம். பளபளவென்று லேமினேட் ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓரம் மூடாத இடம் எங்காவது இருக்கும், கட்டிலுக்கு அடியிலோ சிங்க்குக்குப் பின்னாலோ. அங்கேதான் மரத்தின் உண்மை தெரியும். கூரையில் ஏ.சி. வெட்டிய இடத்தில் அரை மணி நேரம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தோம். ஜாயிண்ட்டில் பியூ சீலண்ட் வைத்திருக்கிறார்களா, வெறும் சிலிக்கானா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். சிலிக்கான் உரிந்தால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

சீட் என் வேலை. முதல் வண்டியின் லெதர் அசல்தான், ஓரத்தைத் தூக்கி அடிப்பக்க நாரைப் பார்த்தேன். உட்காரும் முகம் மட்டும் தோல், பக்கவாட்டு ரெக்சின். அது தொழிலில் வழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டை விரலால் அழுத்தினால் ஃபோம் பலகை வரைக்கும் இறங்கியது. நீண்ட பயணத்துக்கு 40 டென்சிட்டிக்குக் குறைந்து போடக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது உட்காரும் இரண்டு சீட்டுகள் தரைப் பலகையில் மட்டும் போல்ட் செய்யப்பட்டிருந்தன, சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இல்லை. பெல்ட் கொக்கியும் அதே பலகையில். சடன் பிரேக் போட்டால் ஆள், பெல்ட், சீட், பலகை நான்கும் சேர்ந்து முன்னால் வரும். நான் அதைக் காட்டியபோது மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இந்த வண்டிய பார்க்க வேணாம்" என்றார்.

இரண்டாவது வண்டிக்கும் கேள்விகள் இருந்தன. அதில் வைத்திருந்தது கேசட் டாய்லெட், கிட்டத்தட்ட 20 லிட்டர். வெளிநாட்டில் காகிதம் உபயோகிக்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டது. நம் வீட்டில் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவோம். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கே நிரம்பும். நிலையான கழிவுத் தொட்டி அச்சுகளுக்கு நடுவே வேண்டும் என்று கேட்டோம். 'ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும்' என்றார் விற்பனையாளர். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும்; ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம்கூட வராது. கேஸ் சிலிண்டர் பெட்டியில் காற்றுத் துளை மேலே வெட்டியிருந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, துளை தரையோடு இருக்க வேண்டும். வாசல் படி பெரியம்மாவின் காலுக்கு உயரமாக இருந்தது.

கடைசியாகக் காகிதம். மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதி இருக்கிறது. அந்த விதிப்படி ஒப்புதல் வாங்கின மாடலா, ஆர்.சி.யில் பாடி வகை மோட்டார் கேரவன் என்று ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணி வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டுவிட்டுப் பழைய ஆர்.சி.யோடு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஆம்பூர்க்காரர்கள் இரண்டாவது வண்டியை எடுத்தார்கள். கட்டியவர்கள் நல்ல மாதிரி, கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேசட்டை எடுத்துவிட்டு நிலையான தொட்டி, துளை கீழே, லித்தியம் பேட்டரி, இழுக்கும் படி. டி.வி.யைக் கழித்துக்கொண்டதில் படிக்கும் துளைக்கும் ஆன செலவு சரியாகப் போனது. சீட்டை மட்டும் அவர்கள் தங்கள் ஊர்த் தோலில் போட வேண்டும் என்றார்கள். ரெக்சினைக் கழற்றி நான்தான் தைத்துக் கொடுத்தேன், ஃபோம் 40 டென்சிட்டி, போல்ட் குறுக்குச் சட்டத்தில். வண்டியை எடுக்க வந்த அன்று பெரியம்மா கட்டிலில் படுத்து, எழுந்து, யாரையும் எழுப்பாமல் கழிப்பறை வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம்தான் மகன் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.