மல்லாட்டை மெஷினும் நூறு காயும்

ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியல. அறுப்பு வேலை. எங்க திண்டிவனம் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். பங்குனி பொறந்தா வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான்.

முன்னெல்லாம் செடியைப் பிடுங்கிப் போட்டா, பொம்பளைங்க பத்துப் பேரு வேப்பமர நிழல்ல உக்காந்து காய் ஆய்வாங்க. கூலியா காயையே அளந்து குடுப்போம். இப்ப ஆள் கிடைக்கல. அதனால டிராக்டர்ல பிளேடு விட்டு செடியைக் கிளப்பி, காய் மேல பாக்க ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்டு, டிராக்டரோட ஓடுற மெஷின்ல அடிச்சிடறோம். எல்லாரும் செய்யறதுதான்.

போன வருஷமும் அப்படித்தான் அடிச்சேன். மூட்டைக் கணக்குல கூலி, அதனால டிரைவர் வேகமா விட்டாரு. நான் மரத்தடியில டீ குடிச்சிட்டு இருந்தேன். மதியத்துக்குள்ள வேலை முடிஞ்சிதுன்னு சந்தோஷப்பட்டேன். அந்தக் காயிலதான் விதைக்கும் எடுத்து வச்சேன். மார்கழியில விதைச்சா, சால் பூரா சந்து சந்தா கிடக்குது. நோண்டிப் பாத்தா விதை அழுகிப் போயிருக்குது. ஏக்கருக்கு அம்பது கிலோ பருப்பு போட்டு, பாதி நிலத்துக்குத்தான் செடி. மண்ணைக் குத்தம் சொன்னேன், தண்ணியைக் குத்தம் சொன்னேன். கடைசியில மீதி இருந்த விதைக்காயைக் கொட்டிப் பாத்தேன். நிறைய காயில ஓடு கீறி இருந்துது. ஓடு கீறினா பூஞ்சணம் உள்ள போயிடும். உள்ள பருப்பு அடிபட்டா முளைக்குருத்து நசுங்கிடும். வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், மண்ணுல போட்டாதான் தெரியும்.

அதனால இந்தத் தடவை மெஷினை விட்டு நகரல. மொதல்ல அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் மீதின்னு சொல்லிட்டேன். டிரைவர் தம்பி மூஞ்சைச் சுளிச்சான். "எல்லா ஊர்லயும் இப்படித்தாண்ணா ஓட்டறேன், யாரும் கேக்கல"ன்னான். "நீ ஓட்டு தம்பி, லேட்டாகறதுக்கு நான் சேத்துக் குடுக்கறேன்"னேன்.

செஞ்சது பெரிய வித்தை இல்ல. காய் விழற இடத்துல கை விட்டு நூறு காய் எண்ணி எடுத்தேன். பதினொண்ணு கீறல். கொடி வந்து விழற பக்கம் தார்ப்பாய் விரிச்சு, அஞ்சு நிமிஷக் கொடியை உதறிப் பாத்தேன். அதுல என்ன இருக்குதோ அதை வச்சே மெஷினுக்கு என்ன கேடுன்னு சொல்லிடலாம். கொடியில காய் ஒட்டிக்கிட்டே வந்தா, டிரம் வேகம் பத்தல, இல்ல அடியில இருக்கிற கம்பி ஜாலி ரொம்ப எறங்கி இருக்குது, இல்ல செடி இன்னும் காயல. உதிர்ந்த காய் கொடியோட வந்தா காத்து அதிகம். மூட்டையில சருகும் மண்ணும் வந்தா காத்து கம்மி, இல்ல சல்லடை அடைச்சிருக்குது. ஓடு கீறினா டிரம் வேகம் அதிகம், இல்ல ஜாலி நெருக்கம்.

எங்களுக்கு ஓடும் கீறுது, உதிர்ந்த காயும் பின்னாடி போகுது. தம்பி டிராக்டர் வேகத்தைக் குறைச்சான். கீறல் குறைஞ்சுது. ஆனா காத்தும் சேந்து குறைஞ்சு, மூட்டையில சருகா வந்துது. எல்லாம் ஒரே ஷாஃப்ட்டுல ஓடறதால வர்ற வினை. அப்பறம் அவனே யோசிச்சு, பெட்டியில கிடந்த பெரிய புல்லியை டிரம் பக்கம் மாத்தினான். டிராக்டரைப் பழைய வேகத்துக்கே, பி.டி.ஓ. 540 சுத்துக்குக் கொண்டாந்தான். இப்ப டிரம் மட்டும் மெதுவா சுத்துது. காத்து வாங்கற மூடியைக் கொஞ்சம் சாத்தி, ஜாலியை ஒரு விரக்கடை எறக்கினோம். திரும்ப நூறு காய் எண்ணினா கீறல் மூணு. தம்பி மூஞ்சியில சிரிப்பு வந்துது.

ஆனா மதியம் ரெண்டு மணிக்கு எண்ணினா ஆறு. வெயில்ல செடி மொறுமொறுன்னு ஆயிட்டுது. காலையில வச்சது மதியத்துக்குச் செல்லாது. திரும்பக் கொஞ்சம் வேகம் குறைச்சோம்.

சாயங்காலம் பக்கத்துத் தெரு சின்னம்மா கூடையோட வந்தாங்க, தப்புக்காய் பொறுக்க. அந்தக் காலத்துல எங்க நிலத்துல காய் ஆய்ஞ்சவங்க. போன வருஷம் மெஷினுக்குப் பின்னாடியே ஒரு கூடை பொறுக்கினாங்க. நானும் பாத்தேன், என் காய் வீணாப் போகுதுன்னு அப்ப புத்தியில ஏறல. இந்தத் தடவை கொடியைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, "என்னப்பா, எனக்கு ஒண்ணுமே வைக்கலியே"ன்னாங்க. சிரிச்சிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிட்டுது. ஒரு படி அள்ளிக் குடுத்தேன். "வேலை செய்யாம வாங்கி எனக்குப் பழக்கம் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க.

கிணத்தோரமா கொஞ்சம் செடி அடிக்காம கிடந்துது. அதை மெஷின்ல போட வேணாம்னு நிறுத்திட்டேன். மறுநாள் சின்னம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்து ஆய்ஞ்சாங்க. பழையபடி காயா அளந்து குடுத்தேன். அதுல நூறு எண்ணிப் பாத்தேன், ஒண்ணுகூடக் கீறல. அரை ஏக்கர் விதைக்குக்கூடப் பத்தாது, மீதிக்கு மெஷின் காயில பொறுக்கித்தான் எடுக்கணும். இருந்தாலும் அதைத் தனி மூட்டையா கட்டி அடையாளம் போட்டு வச்சிருக்கேன். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்து சால்ல விதைச்சு, மார்கழியில முளைப்பு எண்ணிச் சொல்றேன்.

நீங்க மெஷின் கூப்பிட்டா, மரத்தடியில உக்காராதீங்க. நூறு காய் எண்ணுங்க.