ஊசி இல்லாம ஒரு ஓட்டை அடைப்பு

ஊசின்னா எனக்கு பயம். இருபத்தெட்டு வயசுல இதை வெளியில சொல்றது கொஞ்சம் கேவலமாத்தான் இருக்கு, என்ன பண்றது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஏழாவது படிக்கும்போது கடைவாய்ப்பல் பிடுங்க அப்பா கூட்டிட்டுப் போனார். கீழ்த்தாடையில ஊசி இறங்கினதுதான் ஞாபகம் இருக்கு. கண்ணு முழிச்சா சுத்தி நாலு பேர், மூஞ்சியெல்லாம் தண்ணி. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் பல் டாக்டர் இருக்கிற தெருப்பக்கமே போகலை.

போன மாசம் காபி குடிக்கும்போது மேல்பல்லுல சுரீர்னுச்சு. கீழ ஒரு பல் ரெண்டு வருஷமாவே அப்பப்ப முனகிட்டுதான் இருந்தது, கண்டுக்கலை. ஆபீஸ்ல ஒரு நண்பர், "லேசர்ல பண்றாங்க, ஊசியே இல்லை"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

போறதுக்கு முந்தின ராத்திரி, ஆணி புடுங்கறதை ஓரமா வெச்சுட்டு இதைத்தான் படிச்சேன். முதல் லேசரை மைமன் செஞ்சது 1960ல. 1965லயே லியோன் கோல்ட்மேன்னு ஒரு அமெரிக்க டாக்டர் ரூபி லேசரை ஒரு பல்லுல அடிச்சுப் பார்த்திருக்கார். யார் பல்லுல? கூடப்பிறந்தவர் பல்லுல! அவரும் பல் டாக்டராம், வலிக்கலைன்னு சொன்னாராம். (எங்க வீட்டுல யாராவது இப்படிக் கேட்டா நான் அந்தப் பக்கமே இருக்கமாட்டேன்.) ஆனா ரூபி லேசர் பல்லை ரொம்ப சூடாக்கும், அதனால அது சரிப்பட்டு வரலை. பல்லைக் குடையறதுக்கு எர்பியம் யாக் லேசருக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1997ல.

விஷயம் சிம்பிள். இதோட அலைநீளம் 2940 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியை தண்ணி அப்படியே உறிஞ்சிக்கும். பல்லுக்குள்ள இருக்கிற ஈரம் சட்டுனு ஆவியாகி, துளித்துளியா வெடிச்சு பல்லைப் பேர்க்குது. சொத்தையில ஈரம் ஜாஸ்தி, அதனால அது முதல்ல போயிடும். ட்ரில் மாதிரி அதிர்வு கிடையாது. சூடேறாம இருக்க கூடவே தண்ணி பீய்ச்சிட்டே இருக்கும்.

டாக்டரம்மா கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, "வலிச்சா கையைத் தூக்குங்க"ன்னாங்க. பாப்கார்ன் பொரியற மாதிரி பட் பட்னு சத்தம். நடுவுல ஒரு தடவை சுருக்குனு இருந்தது, பாதிக் கை தூக்கினேன். சக்தியைக் குறைச்சாங்க, சரியாயிடுச்சு. ட்ரில்லை விட நேரம் அதிகம்தான். கடைசியில பசையை வெச்சு நீல விளக்கு காட்டினாங்க. அதையும் லேசர்னு நினைச்சுட்டிருந்தேன், அது பசையை இறுக்கற சாதா எல்ஈடி விளக்காம்.

ஹீரோ மாதிரி எழுந்தேன். அப்பத்தான் கீழ்ப்பல்லோட எக்ஸ்ரேயைக் காட்டினாங்க. சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கு, ரூட் கெனால்.

"இதையும் லேசர்லயே பண்ணிடலாமா மேடம்?"

"இதுக்கு ஊசி போட்டே ஆகணும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இதையும் இப்படியே முடிச்சிருக்கலாமே!"

ஊசிக்குப் பயந்து ஒளிஞ்சு கடைசியில ஊசிகிட்டயே வந்து நிக்கறேன். வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்காங்க. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "நான் வேணா கிளம்பி வரட்டுமாடா?"ன்னாங்க. அதெல்லாம் வேணாம்மான்னு கெத்தா சொல்லி வெச்சுட்டேன்.

பத்து நிமிஷம் கழிச்சு நானே கூப்பிட்டு, புதன்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னேன்.