கணப்பை விட்டு விலகிய அறைகள்



ஜனவரிக் குளிர். மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. லண்டனுக்கு வந்த புதிதில், எங்கள் வாடகை வீட்டில் அறைக்கு அறை ஒரு செங்கல் திண்டு சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பானேன் என்று விளங்கவில்லை. அலமாரி போட முடியாமல் தவித்தோம். அடைக்கப்பட்ட கணப்பும் அதன் புகைபோக்கியும் அது என்று பிறகுதான் தெரிந்தது. இந்நாட்டுப் பழைய வீட்டு வரைபடம் எதை விரித்தாலும் அந்தத் திண்டைப் பார்க்கலாம். நெருப்பு இருக்குமிடத்தைச் சுற்றித்தான் அறை அமைந்தது. முகம் வெந்தாலும் முதுகு விறைக்கும்.

இதைச் சொல்லக் காரணம், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகம். சோன் ஒரு கொத்தனாரின் மகன். பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு 45 ஆண்டுகள் கட்டடக் கலைஞராக இருந்தவர். அவர் வாழ்ந்த வீடே அருங்காட்சியகமாகிவிட்டது. ஏறத்தாழ 30,000 கட்டட வரைபடங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் சுமார் 9,000, கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் அலுவலகத்தில் பிறந்தவை. 1833இல் வெறும் 200 பவுனுக்கு சோன் அவற்றை வாங்கினார். அவர் வாங்கியிராவிட்டால் அந்தக் காகிதங்கள் எங்கெங்கே சிதறியிருக்குமோ!

வீட்டின் பின்பகுதிக்குப் போங்கள். நிலவறையிலிருந்து மேலே கண்ணாடிக் கூரை வரை ஒரே திறந்த வெளி, சுவரெல்லாம் சிலைகள். கணப்பை நம்பி இப்படி ஓர் இடத்தைக் கட்ட முடியாது. சூடான காற்று முழுவதும் மேலே ஏறிவிடும். கீழே நிற்பவருக்குக் குளிர்தான் மிஞ்சும். சோன் விடவில்லை. ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்று என்று, சொந்த வீட்டிலேயே பல முறைகளைச் சோதித்தார். அவர் கட்டிய டல்விச் ஓவியக் கூடத்தில் நீராவிக் குழாய்கள் ஒழுகித் தொல்லை கொடுத்தன.

கடைசியில் கைகொடுத்தவர் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கர். 1831இல் காப்புரிமை பெற்ற அவரது முறை எளிமையானது, துணிச்சலானது. மெல்லிய இரும்புக் குழாயை இரு முனையும் இல்லாத ஒரே வளையமாக்கி, நீர் நிரப்பி, இறுக மூடிவிட வேண்டும். குழாயின் ஒரு பகுதி உலைக்குள் சுருண்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் கொதித்து ஆவியாவதில்லை. சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், ஆறிய நீர் இறங்கும். தள்ளிவிட எந்திரம் வேண்டாம். சூட்டில் நீர் பெருகுமே? அதற்கு இடம் கொடுக்க, மேலே ஒரு வெற்றுக் குழாய். குழாய் வெடித்துவிடுமோ, பக்கத்து மரம் பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம் அந்நாளில் இருந்தது. அது வீணான அச்சமும் அல்ல.

சோனின் உதவியாளராயிருந்த சார்ல்ஸ் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன், இந்த முறையை விளக்கி 1837இல் ஒரு நூலே எழுதினார். சோன் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

பழைய வரைபடங்களில் முகப்பின் அழகை மட்டும் ரசிப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. அடுப்பு எங்கே, புகை எந்த வழியே போனது, குழாய் எந்தச் சுவரோரம் ஓடியது என்று தேடினால்தான் அங்கே வாழ்ந்த மனிதர்கள் தெரிவார்கள்.

லண்டன் வந்தால் சோன் வீட்டுக்குப் போய் வாருங்கள், அனுமதி இலவசம். முடிந்தால் குளிர்காலத்தில் வாருங்கள்.