கதவுக்கு அடியில் இருக்கிறது கோளாறு

“கதவுல கை வைக்காதீங்க சார், முதல்ல அடியில பாருங்க” என்றார் மேஸ்திரி. சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு டிங்கரிங் பட்டறை. உள்ளே 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இதே சென்னையில் தயாரான இரண்டு கதவு வண்டி. கதவுக்கும் பின்தூணுக்கும் நடுவே மேலே நகம்கூட நுழையவில்லை. கீழே விரலே போகிறது. முன்பு வேறொரு இடத்தில், இடித்த விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்துப் பட்டி பூசி அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தடவிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்துத் தூக்கினார். ஆட்டம் இல்லை. கீல் பின் தேயவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் சரிந்தது கதவல்ல, பாடி.

அதற்குக் காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் 1959-ல் வந்த, இந்த வண்டியின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டைத் தனி சேசிஸ் மேல், துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைக்கும் வண்டியாகச் செய்தார்கள். அழகான வடிவம் இத்தாலியரான மிக்கெலோட்டியுடையது. முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி என்பதால், அடியில் ஒரு ரப்பர் நசுங்கினாலும் கதவருகே கேப் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு அவர் கேப் பார்ப்பதில்லை. எஞ்சின், சீட் எல்லாம் இருந்து, சக்கரத்தில் தன் பாரத்தோடு நிற்க வேண்டும். பூட்டுக் கொக்கியையும் பீடிங் ரப்பரையும் கழற்றிவிட்டார். அவை இருந்தால் கதவை இழுத்தும் தள்ளியும் பொய்க் கணக்குக் காட்டும். பிறகு பின்பாதியின் முன்முனை போல்ட்டைத் தளர்த்தி, கட்டை வைத்து பாடியை லேசாக நெம்பச் சொன்னார். பையன் ஒரு தகட்டைப் பேக்கிங்காகச் செருகினான். போல்ட் இறுகியது. 4 மி.மீ. டிரில் பிட்டை இடுக்கில் மேலிருந்து கீழே ஓட்டினார், பாதியில் சிக்கியது. “அண்ணே, இன்னொன்னு?” “மெல்லிசா ஒன்னு போடுடா.” இம்முறை பிட் கீழ்வரை இறங்கியது. அடியில் செருகிய சிறு தகடு மேலே அத்தனை இடம் திறக்கும் என்று கண்ணால் பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கதவின் கீழ்மூலை மட்டும் வெளியே துருத்தியது. மேலே தூணுக்கும் கதவுக்கும் நடுவே மரத்துண்டைக் கொடுத்து, கீழே முழங்காலால் ஒரே அழுத்து. சுத்தியலே எடுக்கவில்லை. கொக்கியைக் கடைசியில்தான் மாட்டினார்.

பெயின்டுக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கும் உரிமையாளர்கள் இந்த வேலைக்குப் பேரம் பேசுகிறார்கள். எனக்கு இது கோபம் தருகிறது. வண்டியின் நிஜமான மராமத்து இதுதான். இந்த வண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயின்ட் முடிய வேண்டும் என்கிறார். செருகிய பேக்கிங் படிய நாலு நாள் ரோட்டில் ஓட வேண்டும், பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்துத்தான் பெயின்ட் என்று மேஸ்திரி போனிலேயே சொல்லிவிட்டார்.