அடுத்த பதிப்புக்கு ஒரு விண்ணப்பம்

கருவியைச் செய்பவன் ஒருவன். அதைக் கையாள்பவன் வேறொருவன். ஏர் செய்த தச்சன் உழுவதில்லை. உழுகின்றவன் ஏர் செய்வதில்லை. ஆயினும், மேழி கைக்குச் சற்று உயரமாக இருக்கிறது என்று உழவன் சொன்னால், தச்சன் அதைச் செவிமடுத்து இழைத்துக் கொடுத்தான். சொல்லுதலும் கேட்டலும் இருந்தவரையில் கருவி மனிதனுக்கு இசைந்து வளர்ந்தது. இன்று நம் மேசைமீது வீற்றிருக்கும் கணினிக்கும் இது பொருந்தும். அதைச் செய்தவர்கள் கடல் கடந்து வாழ்கிறார்கள். நம் குரல் அவர்கள் செவிக்கு எட்டாது என்று எண்ணி நாம் வாளா இருந்துவிடுகிறோம். அவ்வாறு இருந்துவிடலாகாது என்பதை நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மணிகளுக்கும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

கணினியை உள்ளிருந்து நடத்துவது இயங்குதளம். அறைகளைப் பகிர்ந்தளிப்பது, மணி அடிப்பது, யார் எப்போது எதனைப் பயன்படுத்தலாம் என்று முறை வைப்பது, வாயிலில் நிற்பவர் யார் என்று விசாரிப்பது முதலிய பணிகளைப் பள்ளியில் தலைமையாசிரியன் செய்கிறான். கணினிக்குள் இயங்குதளம் செய்கிறது. நன்கு நடைபெறும் பள்ளியில் தலைமையாசிரியன் இருப்பதே பிறர் கண்ணுக்குத் தெரியாது. நல்ல இயங்குதளத்தின் இலக்கணமும் அதுவே. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றும் காலந்தோறும் புதிய பதிப்புகளைக் கண்டு வருகின்றன. அடுத்த பதிப்பில் இன்னின்ன வேண்டும் என்று உலகெங்கும் உள்ள பயனர்கள் பட்டியலிட்டுக் கேட்கிறார்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனின் பட்டியலும் அவற்றோடு சேரட்டுமே!

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர்க்கு வரலாறு விடை கூறுகிறது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, பயனர்கள் பல்லாண்டுகளாகப் பழகியிருந்த தொடக்கப் பொத்தானை அகற்றிவிட்டது. எங்கும் முணுமுணுப்பு எழுந்தது. மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது தொடக்கப் பட்டியலும் மீண்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11, திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் பெயரையும் பணிப்பட்டையில் தனித்தனியே காட்டும் வசதியைக் கைவிட்டது. பயனர்கள் விடாது கேட்டனர். 2023இல் அவ்வசதி திரும்ப வந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது கணினி உலகிலும் மெய்யாயிற்று.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் ஊட்டப்பட்ட பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல் என்பது. அதையே என் முதல் வேண்டுகோளுக்கு அடிப்படையாகக் கொள்கிறேன். எங்கள் பள்ளியில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை ஒருவர் இருந்தார். கணினியில் மதிப்பெண்களைப் பதியும் முறையை ஒரு சிறு குறிப்பேட்டில் படிப்படியாக எழுதி வைத்திருந்தார். இடப்பக்க மூலையை அழுத்துக, மூன்றாம் வரியைத் தெரிவு செய்க என்று அழகிய கையெழுத்தில் இருக்கும். ஒரு புதுப்பிப்புக்குப் பின் மூலையிலிருந்தது நடுவுக்கு வந்தது. மூன்றாம் வரி வேறெங்கோ மறைந்தது. முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர், "எனக்கு இனி இது வராது, ஐயா" என்றார். அவர் அறிவு குறைந்துவிடவில்லை. அவர் காலடியிலிருந்த படிக்கட்டு இடம் மாறிவிட்டது. ஆகவே, புதியன சேர்க்கும்போது பழைய ஒழுங்கை வேண்டுவோர்க்கு அதனை அப்படியே விட்டுவையுங்கள் என்பது என் விண்ணப்பம்.

இரண்டாவது, காலம் அறிதல். புதுப்பித்தல் தேவையானதே. மென்பொருளில் காணப்படும் ஓட்டைகளை அடைக்காவிடில் கள்வர் நுழைவர். ஆனால், வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் கூரையைப் பிரித்து ஓடு மாற்றுவார் உண்டோ? தேர்வுத் தாளை அச்சிட வேண்டிய காலையில், 'அணைத்துவிடாதீர்கள்' என்னும் அறிவிப்போடு கணினி அரைமணி நேரம் நின்றதையும், ஆசிரியர்கள் அச்சுப்பொறியைச் சூழ்ந்து கைகட்டி நின்றதையும் நான் கண்டிருக்கிறேன். விண்டோஸில் 2016இல் பணிநேரத்தைக் குறித்து வைக்கும் வசதி வந்தது; 2019இல் புதுப்பிப்பை ஒத்திவைக்கும் உரிமை வீட்டுப் பயனர்க்கும் விரிவாயிற்று. இன்னும் ஒருபடி மேற்செல்லலாம். பள்ளி நாள்காட்டியைக் கொடுத்தால், தேர்வு வாரத்தை விலக்கி விடுமுறையில் வேலையை முடித்துக்கொள்ளும் அறிவு கணினிக்கு அமைதல் வேண்டும்.

மூன்றாவது, பழைய பொறிகளின் மீது பரிவு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவுற்றது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், பட்டியலிடப்பட்ட புதிய தலைமுறைச் செயலிகளையும் எதிர்பார்க்கிறது. மறைச்சொற்களைக் காக்கும் பூட்டு வலுவாதல் வேண்டும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், இந்நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணினிகள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெற்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அவற்றுள் சிலவற்றில் கலந்திருக்கிறது. விசையை அழுத்தினால் எழுத்து வருகின்ற பொறியைக் காலாவதியானது என்று மூலையில் போட மனம் ஒப்புமா? லினக்ஸ் வழியில் இதற்கு ஒரு விடை உண்டு. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்புகள் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகின்றன. பழைய கணினிகளுக்கென்றே எளிய லினக்ஸ் வகைகளும் உள்ளன. புதிய அணிகலன்கள் வேண்டா. பாதுகாப்பை மட்டும் நீட்டித்துத் தருக என்று கேட்கும் ஏழைப் பயனர்க்கு எல்லா நிறுவனங்களும் வழிவிடுதல் வேண்டும்.

இனி, என் நெஞ்சுக்கு மிக நெருங்கிய நான்காவது வேண்டுகோள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கணினி அறையில் தன் தோட்டத்தைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தவளிடம் காரணம் வினவினேன். திரையைக் காட்டினாள். அவள் எழுதிய ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் கீழும் சிவப்பு நெளிகோடு ஓடியது. வேறொரு மொழியின் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பொறி தமிழைத் திருத்த முனைந்திருந்தது. "ஐயா, நான் எழுதியது எல்லாமே தப்பா?" என்றாள். அவள் எழுதியதில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. சிவப்பு மை பிழையைக் குறிக்கும் என்று அவளுக்குக் கற்பித்தவர்கள் நாம். அந்தப் பாடத்தைக் கொண்டே அவள் தன் தாய்மொழியை அளந்து பார்த்துக் கலங்கினாள். இயங்குதளத்தில் தமிழ் வேண்டும் என்று நான் கேட்பது அலங்காரத்துக்காகவன்று. பிள்ளையின் உள்ளத்தில் தன் மொழி பிழையானது என்னும் எண்ணம் வேரூன்றாதிருக்க வேண்டும் என்பதற்காகவே.

இத்துறையில் நம்மவர் உழைப்பு சிறிதன்று. சிங்கப்பூரில் ஆசிரியப் பணியும் எழுத்துப் பணியும் ஒருங்கே ஆற்றிய நா. கோவிந்தசாமி, 1997இல் அங்கு நடந்த முதல் தமிழிணைய மாநாட்டுக்கு முன்னின்றவர்களுள் ஒருவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தமிழைத் திரைக்குக் கொணர்ந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை வரையறை பெற்றது. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரத்தைத் தட்டினாலும் அவ்வாறே. மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் விசைப்பலகைக்குள் புகுந்துவிட்ட விந்தையை இலக்கண ஆசிரியர்கள் சுவைத்து மகிழலாம். விண்டோஸ் 2000 பதிப்பு முதல் ஒருங்குறித் தமிழ் இயங்குதளத்திலேயே இடம்பெற்றது. இடம் கிடைத்துவிட்டது, உரிய மதிப்பு எல்லா மூலைகளிலும் இன்னும் கிடைக்கவில்லை.

அகரவரிசையை எடுத்துக்கொள்வோம். தமிழ் முதலெழுத்து வரிசை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்று தொல்காப்பியம் தொடக்கத்திலேயே வரையறுத்தது. ஒருங்குறி அட்டவணையோ இந்திய மொழிகளுக்கான பொது அமைப்பைப் பின்பற்றியதால், னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் எண் பெற்றன. சரியான வரிசைக்கான விதிகளும் வகுக்கப்பட்டே உள்ளன. அவற்றைக் கையாளாமல் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் வரிசை பிறழ்கிறது. கமலாவுக்கு முன் கனகாவும், பவானிக்கு முன் பழனியும் வந்து நிற்கிறார்கள். அகராதியில் அகத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய அக்கா பின்னால் போகிறாள். வகுப்பில் அகரமுதலி பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த அறையில் தவறான பெயர்ப்பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் எதனை நம்புவர்? கணினியின் முகப்பு மலாயிலிருந்தாலும் ஆங்கிலத்திலிருந்தாலும், தமிழ்ச் சொற்கள் தமிழ் முறைப்படியே அடுக்கப்படல் வேண்டும்.

பிழைதிருத்தியும் அத்தகையதே. பள்ளி என்னும் சொல் பள்ளியில், பள்ளிக்கு, பள்ளியிலிருந்து, பள்ளிகளையும் என்று வேற்றுமையும் உருபும் ஏற்று விரிந்துகொண்டே செல்லும். சொற்பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழைத் திருத்த இயலாது. பகுதி விகுதி பிரித்தறியும் இலக்கண அறிவு அதற்கு வேண்டும். இயங்குதளம் அதனைத் தன்னகத்தே கொண்டிருந்தால் அதன்மேல் இயங்கும் மென்பொருள்கள் பலவும் பயன்பெறும். மற்றொன்றும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் ஆளுக்கொரு குறியீட்டு முறையில் எழுத்துருக்கள் செய்யப்பட்டன. அக்காலப் பள்ளி மலர்களையும் கட்டுரைகளையும் இன்று திறந்தால் பொருளற்ற அயலெழுத்துகளே தென்படுகின்றன. பழைய குறியீட்டைத் தானே அறிந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் வசதி இயங்குதளத்திலேயே அமையுமாயின், பெட்டிகளில் உறங்கும் நம் வரலாறு கண்விழிக்கும்.

வேண்டியவற்றைச் சொன்னேன், வேண்டாததையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ரீகால் என்னும் வசதியை அறிவித்தது. திரையில் தோன்றுவனவற்றை அடிக்கடி படம்பிடித்து வைத்துக்கொண்டு, பின்னர் தேடித் தருவது அதன் தொழில். தனிமைக்கு ஊறு நேருமே என்று பாதுகாப்பு வல்லுநரும் பயனரும் கண்டித்தனர். நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்து, பயனர் தாமே ஒப்புக்கொண்டாலன்றி அது இயங்காது என்று மாற்றியமைத்தது. பள்ளிக் கணினியில் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குடும்ப விவரமும் நலக்குறிப்பும் இருக்கின்றன. அலமாரிச் சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டு காக்கின்ற பொறுப்பு எனக்கு உண்டு. செயற்கை நுண்ணறிவு வரட்டும். வாயிலில் நின்று அனுமதி பெற்று வரட்டும். கேளாமல் நுழையும் அறிவு எத்துணைப் பெரிதாயினும் அதனை விருந்தென்று கொள்ள இயலாது.

இத்தனையையும் கேட்பவர் யார்? ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் கேட்போர் பல்லாயிரவர். தமிழுக்காகக் கேட்போர் சிலரே. விண்டோஸில் கருத்துரைக்கென ஒரு செயலியே தரப்பட்டுள்ளது. பயனர் தம் வேண்டுகோளை எழுதலாம், பிறர் எழுதியதை வழிமொழியலாம். லினக்ஸின் பல பகுதிகளைத் தமிழாக்கும் பணியில் தன்னார்வலர் எவரும் சேரலாம். ஆசிரியர் அறைகளில் நாம் தேநீர்க் கோப்பையோடு பகிர்ந்துகொள்ளும் குறைகளை இரண்டு வரியாக எழுதி அனுப்பினால், அது ஒரு விண்ணப்பமாகிறது. எந்த எழுத்து, எந்த இடத்தில், எவ்வாறு பிறழ்ந்தது என்று துல்லியமாகக் குறித்து எழுதுவதற்குத் தமிழாசிரியரைக் காட்டிலும் தகுதியுடையார் வேறு யாவர்? பிழை கண்டு திருத்துவது நம் அன்றாடத் தொழிலன்றோ!

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இயங்குதளங்களை ஆக்கும் கூடங்களிலேயே பணியாற்றக்கூடும். அப்போது தமிழ்ப்பள்ளியின் கணினி அறை உங்கள் நினைவில் இருக்கட்டும். அதுவரையில் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். எங்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்.