நடக்கிறார், பேசுகிறார், வேலை செய்ய முடியுமா?

2018-இல் வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வேன் மோதித் தலையில் அடிபட்டவர் என் கட்சிக்காரர். வயது 34. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள்; பிழைத்தார். பூந்தமல்லி நீதிமன்றத்தில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம்.

விசாரணையன்று அவர் யார் துணையும் இல்லாமல் நடந்துவந்து கூண்டில் ஏறினார். பெயர், வயது, முகவரி எல்லாம் தடுமாறாமல் சொன்னார். இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதுமாக இருந்தது. "நடக்கிறார், பேசுகிறார். சம்பாதிக்க என்ன தடை?" என்றார். மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்றிதழிலும் 40 சதவீதம்தான்.

தலைக்காயத்தின் கொடுமை இதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டவருக்கு நடையும் பேச்சும் அப்படியே இருக்கலாம். ஆனால் ஒரு வேலையை வரிசையாகச் செய்துமுடிப்பது, ஆபத்தை உணர்வது, கோபத்தை அடக்குவது போய்விடலாம். அது கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் மனைவி மகளின் பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போனது, வேலப்பன்சாவடியில் இறங்காமல் பூந்தமல்லிவரை பஸ்ஸில் போனது, காரணமே இல்லாமல் குழந்தையை அடிக்கக் கை ஓங்கியது. "சார், இவரு பழைய ஆளு இல்ல. யார்கிட்ட சொன்னாலும் நல்லாத்தானே இருக்காருங்கிறாங்க" என்றார். கணவரைத் தனியே விட முடியாமல் தன் தையல் வேலையையும் விட்டிருந்தார். அந்த நோட்டைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தோம்.

அடுத்து கம்பெனி ஃபோர்மேன் சாட்சி சொன்னார். "திரும்ப வேலைக்கு எடுத்துப் பார்த்தோம். டிராயிங் பார்த்து ஆரம்பிப்பார். பாதியில் எதுவரை செய்தோம் என்பதே மறந்துவிடும். இரும்பைப் பிடித்திருக்கும் சக் சுற்றும்போது கையை விட்டுவிடுவாரோ என்று பயந்து மிஷினை விட்டு எடுத்துவிட்டோம்."

நான் நம்பியது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை. சான்றிதழில் உள்ள ஊன சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. இடக்கை போன தச்சருக்குப் பிழைப்பே போகலாம், குமாஸ்தாவுக்கு வேலை நீடிக்கலாம். இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 15,000 ரூபாயுடன் எதிர்காலச் சம்பள உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அதை 12 மாதத்தாலும், அவர் வயதுக்குரிய பெருக்கெண்ணான 16-ஆலும் பெருக்கினால் 40,32,000 ரூபாய். 40 சதவீத ஊனத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 16,12,800.

மனைவியின் உழைப்புக்கும் கேட்டேன். தலைக்காயத்தால் முழுதும் முடங்கிய ஹரியானா சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில், பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும் என்று கொண்டு அதற்கு மட்டும் 21,60,000 ரூபாய் கொடுத்திருந்தது. அந்தத் தீர்ப்பையும் முன்வைத்தேன்.

லேத் தொழிலைப் பொறுத்தவரை வருமான இழப்பு 100 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றது. பராமரிப்புக்கும் தொடர் சிகிச்சைக்கும் தனியே தொகை கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் அவருக்குப் பயிற்சி சிகிச்சை நடந்தது. இன்று செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, மைத்துனர் கடையில் சரக்கு அடுக்குகிறார். லேத்துக்குத் திரும்பவில்லை.

தலையில் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்; மாறிப்போனதையெல்லாம் தேதியோடு எழுதுங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது; மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் என்ன போயிற்று, என்ன திரும்பும் என்று தெரியும்முன் சமரசத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.