தாத்தா அம்பாசிடருக்குத் தூர் வாரிய கதை

எங்க ஊர்ப் பக்கம் அம்பாசிடர் வச்சிருந்தவங்க யார் வண்டியில டிக்கியைத் திறந்தாலும் ஒரு தண்ணி கேன் இருக்கும். குடிக்க இல்ல, ரேடியேட்டருக்கு ஊத்த. "அம்பாசிடர்னா சூடாகத்தான் செய்யும்" என்று எல்லாரும் மனசைத் தேத்திக்கிட்டாங்க. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. சூடாகாமல் இருக்கத்தானே ரேடியேட்டரே வச்சிருக்காங்க?

தாத்தாவோடது 1984 மாடல் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடிப்படையாக வைத்து, கல்கத்தா பக்கத்திலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார். 2014-ல் உற்பத்தியே நின்றுபோனது. திருவையாறு பக்கத்தில் இருக்கும் எங்க கிராமத்தில், ஒரு காலத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் தஞ்சாவூருக்குப் போக இந்த வண்டிதான்.

போன மே மாசம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. 15 வருஷம் தாண்டிய சொந்தக் காரை 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டணும். வண்டியோ நாலு கிலோமீட்டர் போனாலே ஆவி கக்குது. அப்பா தெளிவாச் சொல்லிட்டார்: "தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தா இருக்கட்டும். வழியில நின்னா, அங்கிருந்து நேரா இரும்புக் கடைக்குத்தான்." தாத்தா ஒன்னும் பேசல. திண்ணைக்குப் போய் உட்கார்ந்துட்டார்.

பக்கத்து ஊர் மெக்கானிக் மாமாவிடம் போனேன். "தம்பி, ஆத்துல தண்ணி நிறைய வருது, ஆனா கடைமடைக்கு வரல. ஏன்?" என்று கேட்டார். வாய்க்கால் தூர்ந்து போயிருக்கும். "அதேதான் இங்கயும்" என்றார். மேட்டூர் திறக்குறதுக்கு முன்னாடி தூர் வார்றோம் இல்லையா, இந்த வண்டிக்கு 40 வருஷமா யாரும் வாரல.

காரணம் நம்ம போர் தண்ணிதான். அதிலுள்ள கால்சியம் உப்பு, சூடு பட்டதும் உள்ளே வெள்ளையாகப் படியும். தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400, இந்தப் படிவுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தான். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் வெறும் நம்பராகப் படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது. இதுபோக, இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. வெறும் தண்ணியில் அது துருப்பிடித்துச் சேறாகும்.

இன்ஜின் நல்லா ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்தார் மாமா. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், அதனால் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு திறந்தால் அத்தனையும் முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டர் தண்ணியை வடித்தால் மட்டும் போதாது, பிளாக்கிலும் ஒரு டிரெயின் பிளக் உண்டு. அதைக் கழட்டினோம், ஒரு சொட்டு வரல. கம்பியை விட்டுக் குத்தியதும் செங்கல் நிறத்தில் குழம்பு மாதிரி கொட்டியது. தெர்மோஸ்டாட்டையும் யாரோ எப்பவோ எடுத்துப் போட்டிருக்காங்க. அதை எடுத்தால் சூடு குறையும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரமாகும், தேய்மானம் கூடும். அடைப்போ அப்படியே இருக்கும். புதுசு வாங்கிப் போட்டோம்.

பிளாக்கில் ஹோஸ் வைத்து, தண்ணி வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில், கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை அலசினோம். ரேடியேட்டர் தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்குப் போனது. மேல் டேங்கை ஈயம் உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணி, திரும்பப் பத்தவச்சுக் கொடுத்தாங்க. வெளிப்பக்கத் தகடுகளுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசியும். அறுப்பு சமயத்தில் ரோட்டில் நெல் காயப்போடுற ஊர்ல வேற என்ன இருக்கும்? இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தகடு மடங்காமல் மெல்லத் தண்ணி அடித்து எடுத்தோம்.

கடைசியில் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. நமக்கு அதில் முக்கியம் துருவைத் தடுக்கும் ரசாயனம்தான். பழைய வண்டி என்பதால் தாமிரம், பித்தளை, ஈயப் பத்துக்கு ஒத்துவரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கணும். அந்த மருந்தின் வீரியம் குறையும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததை வாய்க்காலில் ஊத்தாதீங்க. ஆடு, மாடு, நாய் குடிச்சிடும்.

ஆர்.டி.ஓ. போற அன்னைக்கு நான் ஓட்டினேன், தாத்தா முன்சீட், அப்பா பின்சீட். அப்பா பேச்சுக் கொடுக்கவே இல்ல, பானட்டையே பார்த்துக்கிட்டு வந்தார். பெரிய கோயில் கோபுரம் தெரிஞ்சதும் தாத்தா மட்டும் மெதுவா, "சத்தம் மாறிடுச்சுடா" என்றார்.

ஆர்.சி. 5 வருஷத்துக்குக் கிடைச்சாச்சு. அடுத்த கூலன்ட் எந்த மாசம் மாத்தணும் என்று டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அது என் கையெழுத்து இல்ல, அப்பாவோடது.